மாத்திரை போட்டாச்சா இல்லையா? பகலில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம்?

ஆதம்பாக்கம்_மகள் கேட்டது:

வணக்கம். அப்பாவுக்கு 78 வயது, அம்மாவுக்கு 73. காலை 7.45-க்கு நான் சிறுசேரிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். சமையல் அக்கா காலை 8 முதல் 10 வரை இருப்பார். மற்ற நேரம் இருவரும் தனியாகத்தான்.

அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர், புராஸ்டேட். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. காலை வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல் 40. டிபனுக்கு முன் கிளிமிபிரைடு 1, மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர். (மெதுவாகக் கரையும் வகை) சேர்ந்த சர்க்கரை மாத்திரை, டிபனுக்குப் பின் பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் 40, மதியம் சாப்பிட்ட பின் ஸ்டென்ட்டுக்காகக் குளோபிடோக்ரல் 75, ஆஸ்பிரின் 75, இரவு சாப்பாட்டுக்கு முன் மறுபடி அதே சர்க்கரை மாத்திரை, சாப்பிட்ட பின் கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 20, புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் 0.4.

அம்மாவுக்கு எழுந்ததும் தைராக்சின் 75 மைக்ரோகிராம். டிபனுக்குப் பின் பிரஷருக்கு அம்லோடிபின் 5, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500. மதியம் கால்சியம் 500. இரவு மெட்ஃபார்மினும் இன்னொரு கால்சியமும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைட்டமின் டி 60,000 யூனிட்.

எல்லா அட்டையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது. அப்பா போனில் ஐந்து அலாரம். அடித்ததும் அணைத்துவிட்டு "இதோ போடறேன்" என்பார், பேப்பரில் மூழ்கிவிடுவார். மாதக் கடைசியில் அட்டைகளை எண்ணினேன். மதிய மாத்திரை 4 மிஞ்சியிருந்தது. சர்க்கரை மாத்திரை 2 குறைந்திருந்தது. எந்த டப்பா வாங்கலாம், என்ன அலாரம் வைக்கலாம், யார் எப்போது சரிபார்ப்பது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பெரம்பூர்_மருந்தாளர்:

நீங்கள் எண்ணிப் பார்த்தது மிக நல்ல காரியம். மிஞ்சிய 4-ஐ விட, குறைந்த அந்த 2 தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஏதோ இரண்டு நாள் கிளிமிபிரைடை இரண்டு முறை போட்டிருக்கிறார் என்று அர்த்தம். 78 வயதில் சர்க்கரை தாழ்ந்தால் மயக்கம், விழுந்து இடுப்பெலும்பு முறிவு என்று போய்விடும்.

இங்கே இரண்டு வேலை இருக்கிறது. மாத்திரை நேரத்தை நினைவுபடுத்துவது ஒன்று. போட்டாச்சு என்பதற்கு அடையாளம் வைப்பது இன்னொன்று. அலாரம் முதல் வேலையை மட்டும்தான் செய்யும். விழுங்கிய மாத்திரை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நாளுக்கும் வேளைக்கும் கட்டம் பிரித்த மாத்திரை டப்பாவில் காலியான கட்டம் தெரியும். அதனால்தான் டப்பா வேண்டும் என்கிறோம். நினைவுபடுத்த அலாரமே போதும்.

ஆனால் டப்பா வாங்குவதற்கு முன் வேளைகளைக் குறைக்கப் பாருங்கள். அப்பாவுக்கு ஒரு நாளில் ஆறு வேளை, அம்மாவுக்கு நான்கு. வீட்டில் மொத்தம் பத்து முறை மாத்திரை நேரம் வருகிறது. யாராக இருந்தாலும் ஒன்றிரண்டு தவறத்தான் செய்யும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இந்த மூன்று கேள்விகளையும் எழுதி எடுத்துப் போங்கள்.

அப்பாவின் குளோபிடோக்ரல், ஆஸ்பிரினை மதியத்திலிருந்து காலை டிபனுக்குப் பின் மாற்றலாமா? இரண்டும் தினமும் ஒரே நேரத்தில், வயிற்றில் உணவு இருக்கும்போது போனால் சரி என்று பெரும்பாலும் சொல்வார்கள். மதியம்தான் என்பது பல நேரம் சீட்டில் இடம் பார்த்து எழுதியதாக இருக்கும். ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

அப்பாவுக்கு இரவு கிளிமிபிரைடு அவசியமா? இரவு இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்கிற பெரியவர்களுக்கு விடிகாலையில் சர்க்கரை இறங்க வாய்ப்பு அதிகம். மூன்று மாத சர்க்கரைச் சராசரியையும் (HbA1c), சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். அந்த இரண்டு ரிசல்ட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

அம்மாவின் மதியக் கால்சியத்தைக் காலை டிபனோடு சேர்த்துவிடக் கூடாது. தைராக்சினுக்கும் கால்சியத்துக்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும், இல்லையென்றால் தைராக்சின் உடம்பில் சரியாகச் சேராது. இரண்டு வேளை கால்சியம் தேவையா, இரவு ஒன்று போதுமா என்று கேளுங்கள். வைட்டமின் டி-யை எத்தனை வாரத்துக்கு எழுதினார் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வழக்கமாக 8 வாரத்தோடு நிறுத்தி, பிறகு அளவை மாற்றுவார்கள். சீட்டில் முடியும் தேதி இல்லாததால் வருஷக்கணக்கில் அது ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

இது நடந்தால் மதிய வேளையே இருக்காது. காலை வேளை சமையல் அக்கா இருக்கும் நேரத்திலும், இரவு வேளை நீங்கள் வந்த பிறகும் வந்துவிடும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

அடுத்தது பட்டியல். பிராண்ட் பெயரை மட்டும் எழுதினால் போதாது. ஜெனரிக் பெயர் (மருந்தின் மூலப் பெயர்), அளவு, இப்போது வாங்கும் பிராண்ட், மாத்திரையின் நிறமும் வடிவமும், எதற்காக, எப்போது, எழுதிய மருத்துவர், நிறுத்த வேண்டிய தேதி, எல்லாம் வேண்டும். கடையில் ஒரு பிராண்ட் இல்லையென்றால் வேறு பிராண்ட் தருவார்கள். வீட்டில் பழைய அட்டையும் இருக்கும். நிறம் வேறு, பெயர் வேறு என்பதால் இரண்டையும் போட்டுவிடுவார்கள். பிரஷர் மாத்திரையில் இது இன்னும் மோசம். டெல்மிசார்ட்டன் மட்டும் உள்ளது, அம்லோடிபின் சேர்ந்தது, நீர் போக்கும் மாத்திரை சேர்ந்தது என்று மூன்று வகையும் பிராண்ட் பெயரின் கடைசி ஓரிரு எழுத்தில்தான் வேறுபடும். ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வந்த வாரத்தில் இந்தக் குழப்பம் அதிகம். புதுச் சீட்டு வந்த அன்றே பழைய அட்டைகளை வேறு பையில் போட்டுக் கட்டி ஒதுக்கிவிடுங்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மூலம் வீட்டுக்கு வரும் மாத்திரையையும் பட்டியலில் சேருங்கள். அதே மருந்தைத் தனியார் மருத்துவரும் எழுதியிருக்கலாம்.

கையிருப்பும் கவனிக்க வேண்டிய விஷயம். அட்டைகள் 10, 14, 15, 20, 30 என்று பல எண்ணிக்கையில் வருகின்றன. 14 உள்ள அட்டை இரண்டு வாங்கினால் 28 நாளில் தீரும், 15 உள்ளது 30 நாள் வரும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் தீர்ந்தால் தினம் யாராவது கடைக்கு ஓட வேண்டியிருக்கும், ஏதாவது ஒன்று விட்டுப்போகும். எதுவும் 10 நாளுக்குக் குறையும்போதே வாங்கிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை 15 நாள் கையிருப்பு இருக்கட்டும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாட்கணக்கில் தெருவில் தண்ணீர் நின்றது. ஆதம்பாக்கம் அதற்குப் பக்கம்தானே. கடையில் அட்டையை வெட்டித் தந்தால், காலாவதி தேதி அச்சிட்ட முனையை உங்களுக்குத் தரச் சொல்லுங்கள்.


வீட்டுச்செவிலி:

மருந்தாளர் சொன்ன மாதிரி மதிய வேளை போயிடுச்சுன்னா டப்பா விஷயம் சுலபம். ஏழு நாள், நாளுக்கு நாலு கட்டம், மொத்தம் 28 கட்டம் உள்ளது வாங்குங்க. காலை, மதியம், மாலை, இரவுன்னு அச்சடிச்சிருக்கிறதை அப்படியே வெச்சுக்கணும்னு இல்லை. அப்பாவுக்கு டிபனுக்கு முன், டிபனுக்குப் பின், இரவு முன், இரவு பின் அப்படின்னு நாலு கட்டத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டிடுங்க. கிழமைக்கு ஆங்கில முதல் எழுத்து மட்டும் போட்ட டப்பா குழப்பும். சனியும் ஞாயிறும் ஒரே எழுத்து, செவ்வாயும் வியாழனும் ஒரே எழுத்து. தமிழ்ல ஞா, தி, செ, பு, வி, வெ, ச பெரிசா எழுதி ஒட்டுங்க. அப்பாவுக்குப் பச்சை, அம்மாவுக்கு நீலம்னு ரெண்டு நிறம் எடுங்க. வாங்கும் முன்னாடி மூடியை உங்க கட்டைவிரலால இல்ல, அவங்க கட்டைவிரலால திறந்து பார்க்கச் சொல்லுங்க. மூட்டுவலி இருக்கிறவங்களுக்குப் பல டப்பா திறக்கவே வராது.

நிரப்புறது எப்படின்னு சொல்றேன், தப்பு வர்றது இங்கதான். ஞாயிறு காலை, வெளிச்சத்துல, டிவி அணைச்சிட்டு உட்காருங்க. திங்கள் கட்டம் நாலும் நிரப்பி, அப்புறம் செவ்வாய்னு நாள் நாளா போகாதீங்க. ஒரு மருந்தோட அட்டையை மட்டும் கையில எடுங்க, ஏழு நாளுக்கும் அதை மட்டும் போடுங்க, அட்டையைக் கீழ வெச்சிட்டு அடுத்ததை எடுங்க. ஒரு கட்டத்துல விட்டிருந்தா வரிசையைப் பார்த்ததுமே தெரியும். முடிச்சதும் ஒரு நாளுக்கு மொத்தம் எத்தனை மாத்திரைன்னு எண்ணி டப்பா மேல எழுதிடுங்க. நடுவுல போன் வந்தா எடுக்காதீங்க.

டப்பாவுல போடக்கூடாததும் இருக்கு. டெல்மிசார்ட்டன் ஈரத்தை இழுக்கும், நம்ம ஊர்க் காத்துல சொல்லவே வேண்டாம். போடும்போதுதான் அட்டையிலிருந்து எடுக்கணும். வலிப்புக்குத் தர்ற சோடியம் வால்ப்ரோயேட், ரத்தம் உறையாம இருக்கத் தர்ற டாபிகாட்ரான் மாதிரி மருந்துகளும் அப்படித்தான். தைராக்சின் புட்டியிலயே இருக்கட்டும். வாரம் ஒரு தடவை போடுற எதுவும் தினசரி டப்பாவுல வேண்டாம். மூட்டுவலிக்குத் தர்ற மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் போடவேண்டியது. அதைத் தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானது உண்டு. அது வீட்டுல இருந்தா தனிப் பையில, கிழமை எழுதி, நீங்களே வெச்சுக் கொடுங்க.

டெல்மிசார்ட்டனுக்கு என்ன வழின்னு கேட்பீங்க. அழியாத மார்க்கர் எடுத்து அட்டையோட பின்பக்கம் ஒவ்வொரு மாத்திரை மேலயும் தி, செ, பு, வின்னு வரிசையா எழுதிடுங்க. அந்த அட்டையே டப்பா ஆயிடும். புதன் ஓட்டை விழுந்திருந்தா புதன் போட்டாச்சு.

சிலர் அட்டையை ஒவ்வொரு மாத்திரையா கத்தரிச்சு, அட்டையோடவே டப்பாவுல போடுறாங்க. கண்ணு மங்கலா இருக்கிற பெரியவங்க அதை அப்படியே வாயில போட்டு விழுங்கிடுவாங்க. அந்த ஓரம் தொண்டையையும் குடலையும் கிழிச்சிடும். அது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அம்மாவோட தைராக்சினுக்கு நான் சொல்றது தினசரி காலண்டர். நாள்தாள் கிழிக்கிற காலண்டரை அவங்க எழுந்து வர்ற இடத்துல மாட்டுங்க, பக்கத்துல புட்டி. முதல்ல மாத்திரை, அப்புறம்தான் தாளைக் கிழிக்கணும். இன்னிக்குத் தேதி தெரிஞ்சா போட்டாச்சு, நேத்துத் தேதி தெரிஞ்சா போடலை. ஒரே ஒரு கட்டுப்பாடு, வேற யாரும் அந்தத் தாளைக் கிழிக்கக்கூடாது. ராசிபலன் பார்க்கணும்னு அப்பா கிழிச்சிட்டா போச்சு, அவருக்கு வேற காலண்டர் மாட்டிடுங்க. மாத்திரை போட்டு அரைமணியிலிருந்து ஒருமணி நேரம் கழிச்சுத்தான் காபி. பால், காபி ரெண்டுமே அதை உடம்புல சரியா சேர விடாது. அஞ்சரைக்கு எழுந்து ஆறேகாலுக்குக் காபி குடிச்சா சரியா இருக்கும்.

டப்பாவை வைக்கிற இடம் சமையல்கட்டு மேடையும் இல்ல, ஃபிரிட்ஜ் மேலயும் இல்ல, குளியலறை அலமாரியும் இல்ல. அட்டையில 25 டிகிரி, 30 டிகிரின்னு போட்டிருக்கும், கத்திரி வெயில்ல நம்ம வீட்டுக்குள்ளயே அது தாண்டிடும். உள்ளதுல குளிர்ச்சியான அறையில, ஜன்னலுக்குத் தள்ளி, மர அலமாரியில வைங்க. ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சு எடுத்தா ஈரம் வேர்க்கும்.

கொடுக்கும்போது மாத்திரையைக் கையில கொட்டாம அடர்த்தியான நிறத்துல ஒரு சின்னத் தட்டுல கொட்டச் சொல்லுங்க. வெள்ளை மாத்திரை மொசைக் தரையில விழுந்தா அவங்க கண்ணுக்குத் தெரியாது, "போட்டாச்சு"ன்னுதான் நினைப்பாங்க. நிமிர்ந்து உட்கார்ந்து, முதல்ல ஒரு வாய் தண்ணி, அப்புறம் மாத்திரை, அப்புறம் அரை டம்ளர் தண்ணி. டாம்சுலோசின் கேப்ஸ்யூல் மிதக்கும், அதனால தலையை அண்ணாந்து விழுங்கினா தொண்டைக்குப் போகாது. மோவாயைக் கொஞ்சம் கீழ இறக்கிட்டு விழுங்கினா தானா போகும். அதைத் திறந்து கொட்டவோ, எஸ்.ஆர். மாத்திரையையும் பான்டோப்ரசோலையும் பொடிக்கவோ கூடாது. விழுங்க முடியலைன்னா வேற வடிவத்துல இருக்கான்னு மருத்துவரைக் கேளுங்க.


ஆதம்பாக்கம்_மகள்:

காலண்டர் யோசனை அம்மாவுக்கு நிச்சயம் ஒத்துவரும், மிக்க நன்றி. இன்னும் சில கேள்விகள். டப்பா என்றதும் அப்பா "நான் என்ன படுத்த படுக்கையாவா கிடக்கேன்" என்கிறார். அவரை எப்படி ஒப்புக்கொள்ள வைப்பது? மருத்துவரைப் பார்க்கும் வரை மதிய வேளை இருக்கத்தான் செய்யும், நான் 2 மணிக்குப் போன் செய்கிறேன், "போட்டாச்சும்மா" என்றுதான் பதில் வருகிறது. போட்டோமா என்று சந்தேகம் வந்தால் அவர்கள் என்ன செய்ய வேண்டும்? அமாவாசை, ஏகாதசி நாட்களில் என்ன செய்வது?


தரமணி_அலாரம்:

அலாரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அலாரம் சட்டைப்பையிலும் மாத்திரை அலமாரியிலும் இருந்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். இருந்த இடத்திலேயே அணைத்துவிடலாம் என்பதுதான் கோளாறு. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் ஒன்றை டப்பாவுக்குப் பக்கத்திலேயே சார்ஜரில் நிரந்தரமாகச் செருகி வையுங்கள். சிம் தேவையில்லை. சத்தத்தை நிறுத்த எழுந்து போக வேண்டும், போனால் கை டப்பாவின் மேல் இருக்கும். மின்சாரம் போனாலும் பேட்டரியில் அடிக்கும்.

மணிச் சத்தத்துக்குப் பதில் உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். கடிகாரச் செயலியில் அலாரம் ஒலியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், போனில் உள்ள ஒலிக்கோப்பைச் சேர்க்க வழி இருக்கும். ஏழெட்டு விநாடி போதும். "அப்பா, டிபன் ஆச்சா? பச்சை டப்பா, ரெண்டாவது கட்டம். போட்டுட்டு மூடியைத் திறந்தே வைங்க." எந்த டப்பா, எந்தக் கட்டம் என்பது அதில் கண்டிப்பாக வரட்டும். வெறுமனே "மாத்திரை நேரம்" என்றால் எந்த மாத்திரை என்று யோசிக்க வேண்டியிருக்கும். மூடி திறந்திருந்தால் போட்டாச்சு என்று தூரத்திலிருந்தே தெரியும், ஞாயிறு நிரப்பும்போது எல்லாவற்றையும் மூடினால் போதும். மணிச் சத்தமே வேண்டும் என்றால் கீச்சென்று ஒலிப்பதை விடுத்துக் கனமான ஒலியைத் தேர்ந்தெடுங்கள். வயதானால் முதலில் மங்குவது கீச்சொலி கேட்கும் திறன்தான்.

இரண்டு இடத்தில் தவறும். அலாரத்துக்கான சத்தம் தனி, ரிங்டோனுக்கான சத்தம் தனி. ரிங்டோனைக் கூட்டிவிட்டு அலாரம் அமைதியாக இருப்பதைக் கவனிக்க மாட்டோம். அடுத்து, கூடுதலாக இறக்கிய மாத்திரைச் செயலிகளைப் பல போன்கள் பேட்டரி மிச்சம் பிடிக்க நிறுத்திவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள், இல்லையென்றால் போனோடு வந்த கடிகாரமே நம்பகமானது. வாரத்தில் ஒரு நாள் அடிக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

2 மணிப் போனில் "போட்டீங்களா" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் பழக்கத்தில் வாயிலிருந்து வரும், பொய் சொல்ல வேண்டும் என்றே இல்லை. "அப்பா, பச்சை டப்பாவைக் கையில எடுங்க, செவ்வாய் மதியக் கட்டத்துல என்ன இருக்கு?" என்று கேளுங்கள். பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். மாத்திரை இருந்தால் போன் கையில் இருக்கும்போதே போட்டுவிடுவார். காலையில் சமையல் அக்கா கிளம்பும்முன் இரண்டு டப்பாவையும் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பொறுப்புக்கு மாதம் ஒரு தொகை சேர்த்துக் கொடுப்பது நியாயம்.

பூட்டுப் போட்டு, நேரம் வந்ததும் தானே சுழன்று மாத்திரை தரும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. உங்கள் பெற்றோருக்கு இப்போதைக்கு அவசியமில்லை.


பெரம்பூர்_மருந்தாளர்:

சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு விதி ஒன்றுதான்: கட்டம் காலியாக இருந்தால் மறுபடி போடக் கூடாது. அடையாளமே இல்லாத மாத்திரையில் சந்தேகம் வந்தால், ஒரு வேளை விட்டுப்போவதை விட இரண்டு முறை போவதுதான் பெரும்பாலான மருந்துகளில் ஆபத்து. இதைப் பெரிய எழுத்தில் எழுதி டப்பா பக்கத்தில் ஒட்டுங்கள். விட்டுப்போனதை ஈடுகட்ட அடுத்த வேளை இரண்டாகப் போடவே கூடாது.

மறந்து, பிறகு நினைவு வந்தால் மருந்துக்கு மருந்து வேறுபடும். குளோபிடோக்ரல் 12 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் போடலாம், தாண்டிவிட்டால் அடுத்த வேளைதான். ஸ்டென்ட் வைத்தவருக்கு இரண்டு நாள் தொடர்ந்து விட்டுப்போனால் இதய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தைராக்சின் உடம்பில் பல நாள் தங்கும், ஒரு நாள் விட்டுப்போனால் பதற வேண்டாம். மெட்ஃபார்மின் விட்டுப்போனால் அடுத்த சாப்பாட்டோடு வழக்கம்போல ஒன்று மட்டும். கிளிமிபிரைடு போட மறந்து சாப்பிட்டு முடித்து நேரமாகியிருந்தால் அந்த வேளையை விட்டுவிட வேண்டியதுதான். டாம்சுலோசின் பல நாள் விட்டுப்போயிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம், எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கித் தள்ளாடும்.

கிளிமிபிரைடு இரண்டு போய்விட்டது என்று தெரிந்தால் உடனே சாப்பிடக் கொடுத்து, குளுக்கோமீட்டரில் பார்த்து, மருத்துவரைக் கூப்பிடுங்கள். வேர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம், இதில் எது வந்தாலும் அல்லது அளவு 70-க்குக் கீழே இருந்தாலும் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. இந்த மருந்தின் வேகம் ஒரு நாள் வரை இருக்கும், சில மணி நேரத்தில் திரும்ப இறங்கும். அன்றிரவு தனியாகத் தூங்க விடாதீர்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

அமாவாசை நாளில் சிக்கல் எங்கே என்றால், அலாரம் வழக்கம்போல 8.15-க்கு அடிக்கும். அப்பா சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிடுவார். தர்ப்பணம் முடிந்து, காக்கைக்கு வைத்து, இலையில் உட்காரப் பகல் 12 ஆகிவிடும். இரவு வெறும் பலகாரம். நாலு மணி நேரம் வெறும் வயிற்றில் கிளிமிபிரைடு வேலை செய்துகொண்டிருக்கும். சர்க்கரை மாத்திரையைக் கடிகாரத்தோடு சேர்க்காமல் தட்டோடு சேருங்கள். தட்டு போட்ட பிறகுதான் மாத்திரை கைக்கு வர வேண்டும். ஏகாதசியில் முழுப் பட்டினி என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு, அன்றைக்கு எதை விடுவது, எதைக் குறைப்பது என்று எழுதி வாங்கி வையுங்கள். பிரஷர் மாத்திரையையும் ஸ்டென்ட்டுக்கான மாத்திரையையும் விரதத்துக்காகத் தாமாக நிறுத்தக் கூடாது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க லேப் ஆள் வரும் காலையிலும் இதே கதைதான், ரத்தம் கொடுத்து, சாப்பாடு தட்டில் வந்த பிறகே சர்க்கரை மாத்திரை. தைராய்டு டெஸ்ட் என்றால் ரத்தம் கொடுத்த பிறகு தைராக்சின்.


முதியோர்நலம்_கிண்டி:

அப்பாவின் கோபத்தைப் பற்றி. வாழ்நாள் முழுக்க வீட்டை நடத்தியவரிடம் டப்பாவை நிரப்பிக் கையில் கொடுத்தால் அவர் மனசு ஏற்றுக்கொள்ளாது. நிரப்பும் வேலையை அவரிடமே கொடுங்கள். "அப்பா, நீங்க போடுங்க, நான் ஒரு தடவை எண்ணிப் பாக்கறேன்" என்று பக்கத்தில் உட்காருங்கள். அம்மாவின் நீல டப்பாவைப் பார்க்கும் பொறுப்பை அப்பாவுக்கும், அப்பாவின் பச்சை டப்பாவை அம்மாவுக்கும் கொடுங்கள். தனக்காகச் செய்யத் தயங்குகிறவர் மனைவிக்காகச் செய்வார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இதெல்லாம் மறதி மட்டும் உள்ளவர்களுக்கு. இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாமல் போவது, ஒரே நேரத்தில் மூன்று நாள் கட்டத்தைத் திறப்பது, தலையணைக்கடியில் மாத்திரை கிடைப்பது என்று ஆரம்பித்தால் டப்பாவே ஆபத்து. அப்போது எல்லா மருந்தும் பூட்டுக்குள் போக வேண்டும், ஒவ்வொரு வேளையும் ஒருவர் கையில் கொடுத்து, விழுங்கியதைப் பார்க்க வேண்டும். வாக்குவாதம் செய்தால் துப்பிவிடுவார்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி கொடுத்துப் பாருங்கள். மருத்துவரிடம் கேட்காமல் சாதத்தில் மறைத்துக் கொடுக்க வேண்டாம்.

குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று வந்தால் அது வயசு மறதி இல்லை. சர்க்கரை தாழ்வு, சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு இவற்றில் ஏதாவது இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை, அரிப்பு மாத்திரை, தூக்க மாத்திரை பலவும் பெரியவர்களின் நினைவை மங்கச் செய்யும். அவற்றையும் பட்டியலில் எழுதுங்கள்.

எல்லா மாத்திரையையும் ஒரே மருத்துவர் மொத்தமாகப் பார்த்து, எது தேவை, எது வேண்டாம் என்று சொல்வது பெரிய உதவி. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் முதியோர் பிரிவு 1978-லிருந்தே இருக்கிறது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மையம் உங்களுக்குப் பக்கம். போகும்போது சீட்டு மட்டும் போதாது, வீட்டில் உள்ள எல்லா அட்டையையும், புட்டியையும், சித்த மருந்துச் சூரணம் உட்பட ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.


ஆதம்பாக்கம்_மகள்:

அடுத்த வாரம் கிண்டியில் காட்டப் போகிறோம். அதுவரை பழையபடி ஆறு வேளை, அப்பாவுக்கு 28 கட்டம் போதாதே?


வீட்டுச்செவிலி:

போதும்மா. பான்டோப்ரசோல் கட்டத்துக்கு வேண்டாம், டெல்மிசார்ட்டன் மாதிரியே அட்டையில கிழமை எழுதி, படுக்கைப் பக்கம் தண்ணி டம்ளரோட வைங்க. டெல்மிசார்ட்டன் அட்டை டிபன் மேஜையில, அக்கா இருக்கும்போது. மிச்சம் நாலு: டிபனுக்கு முன், மதியம், இரவு முன், இரவு பின். மருத்துவர் மாத்தி எழுதினதும் பழைய ஸ்டிக்கரை உரிச்சிட்டு, உள்ள இருக்கிறதை முழுசா வெளிய எடுத்து, டப்பாவை சோப்புத் தண்ணியில கழுவி ஒரு நாள் பூரா காயவெச்சு அப்புறம் நிரப்புங்க. பாதி பழைய சீட்டும் பாதி புதுச் சீட்டுமா இருக்கிற டப்பா ஒரு வேளைகூட இருக்கக்கூடாது.